எட்டு பேஸ் பெட்டிக்கு நாலு ஆவி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு வரிசை நிற்கும். ஆஸ்பத்திரி வரிசை என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நோயாளி. சிலர் அதற்குத் துண்டு போர்த்தியிருப்பார்கள். சிலர் அதன் நெற்றியில் விபூதி பூசியிருப்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், அது ஆம்ப்ளிஃபையர்.

கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர், தர்கா உரூஸுக்கு செட் போடுகிறவர், மாதா தேர்பவனிக்கு செட் போடுகிறவர் என்று எல்லோரும் அங்கே தோளோடு தோள் உரசி நின்றார்கள். மதநல்லிணக்கத்துக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஏமாறுகிற விஷயத்தில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

வரிசை முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பலகை: ‘நாதசித்தர் கோவிந்தப்பன் – ஒலி தோஷ நிவாரணம்.’ எல்லை ஊரான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போனால் இவர் தமிழ்நாட்டுச் சித்தர். இந்தப் பக்கம் வந்தால் கர்நாடகத்து ஸ்வாமி. எல்லையில் வாழ்வதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. எந்தப் பக்கமும் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

அன்றைய வரிசையில் கிங்ஸ்டனும் நின்றான். சட்டைக்கு வெளியே தொங்கிய சிலுவையை உள்ளே தள்ளி, பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். பாதிரியார் இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை ஒன்று. அதைவிடப் பெரிய கவலை மடியில் இருந்தது.

தொரப்பள்ளிக் கல்யாணத்தில் நடந்ததை அவனால் மறக்க முடியவில்லை. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். பாட்டு எகிறியது. பேஸ் நெஞ்சை இடித்தது. திடீரென்று ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு. அப்புறம் ஊரே அமைதி. பந்தலில் ஒரு கிழவர் தும்மியதுகூட எல்லோருக்கும் கேட்டது. அதற்கு முந்தைய மூன்று விசேஷங்களிலும் இதே கதைதான். ‘கிங்ஸ்டன் செட்டா? பாதியில படுத்துக்கும்’ என்று காவேரிப்பட்டினம் வரைக்கும் பேச்சு பரவிவிட்டது.

இதன் காரணத்தை ஒருத்தி அவனுக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள். அவன் தங்கை டெல்சி. கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த வேகத்தில் செட்டின் ஒயர் வேலை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சால்டரிங் வைப்பது, பழுது பார்ப்பது, வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் மீட்டரில் சோதிப்பது எல்லாம் அவள்தான்.

நாலு பேஸ் பெட்டி இருந்தவரை செட் ஒழுங்காகத்தான் ஓடியது. உரூஸுக்கு செட் போடும் குலாம் ரசூல் பாய் எட்டு பெட்டி அடுக்கி நிறுத்தினார் என்று கேள்விப்பட்டதும் கிங்ஸ்டனும் எட்டு வாங்கினான். இந்த வட்டாரத்தில் செட்டைக் காதால் யாரும் மதிப்பிடுவதில்லை. கண்ணால் பெட்டியை எண்ணித்தான் மதிப்பிடுவார்கள். ஆனால் ஆம்ப்ளிஃபையர் அதே ஒன்றுதான், பெட்டி மாட்ட அதற்கு இடது, வலது என்று இரண்டே பக்கம்.

“அண்ணா, ஒரு சைடுக்கு ரெண்டு பொட்டிக்கு மேல மாட்டாத. ஆம்ப் தாங்காது.”

“போடீ. நாலு பேரு சேந்து தூக்குனா பாரம் கொறையுமா, கூடுமா?”

“பாரத்த தூக்கறது பொட்டி இல்லண்ணா, ஆம்ப். பொட்டிங்க ஏறி ஒக்காந்து வர்றதுங்க. ஷேர் ஆட்டோல ஆளு கூடக் கூட ஆட்டோவுக்கு சொகமா இருக்குமா?”

டெல்சி சொன்னது இதுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் யாருக்கும் புரியும். ஆம்ப்ளிஃபையரை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியும் அதில் திறந்துவிட்ட ஒரு குழாய். குழாய் எவ்வளவு இறுக்கமானது, தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஓம். பெட்டியின் முதுகில் ‘8 ஓம்’ என்று போட்டிருக்கும். அதே முதுகில் இரண்டு சாக்கெட் இருக்கும். ஒன்றில் ஒயர் வரும், மற்றதிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றின் பின் ஒன்றாக ரயில் பெட்டி கோத்த மாதிரி தெரியும். உள்ளே அப்படி இல்லை. எல்லாப் பெட்டிகளும் ஒரே தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த குழாய்கள். இரண்டைத் திறந்தால் தடை பாதியாகி நாலு ஓம். நாலைத் திறந்தால் இரண்டே ஓம். தடை குறையக் குறைய மின்சாரம் கொட்டும். கொட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு அல்லவா? கிங்ஸ்டனின் ஆம்ப்ளிஃபையர் முதுகில் அந்த அளவு அச்சடித்திருந்தது: ஒரு பக்கத்துக்கு நாலு ஓமுக்குக் கீழே மாட்டாதே.

அதை மீறினால் உள்ளே இருக்கும் காவல்காரன் ‘டிக்’ என்று கதவைச் சாத்திவிடுவான். இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் வெந்துபோகும். அந்தச் சிவப்பு விளக்கு சாபமல்ல, உயிர் காக்கிற வேலை.

வாட்ஸ் கணக்கும் இப்படித்தான். பெட்டி ஒவ்வொன்றும் அறுநூறு வாட்ஸ் தாங்கும். ஆம்ப்ளிஃபையர் நாலு ஓமில் ஒரு பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு தரும். இரண்டு பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், கல்யாணத்துக்கு வருகிற செட்டுக்கு இந்த இரண்டு பொருத்தம் பார்க்க ஆள் இல்லை.

பார்க்க ஒருத்தி இருந்தாள். ஆனால் அவள் சொன்னதை ஒப்புக்கொண்டால், எட்டு பெட்டி வாங்கியது தன் முட்டாள்தனம் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவி என்று சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. தப்பு உன்மேல் இல்லை என்று யார் சொன்னாலும் அவர் முகத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தெரியத்தான் செய்யும்.

சித்தர் கிங்ஸ்டனின் ஆம்ப்ளிஃபையரை மடியில் வாங்கித் தடவினார். கண்ணை மூடினார்.

“ஒயர யாருப்பா தொடறது?”

“எந் தங்கச்சிங்க சாமி.”

“புருஷன்?”

“இல்லீங்க. தவறிட்டாரு.”

சித்தர் கண்ணைத் திறந்தார். கிடைத்துவிட்டது. “தாலி எழந்த கை. ஒயருக்குள்ள ஓடறது உயிருப்பா. அந்தக் கை பட்டா கலங்காதா? இனிமே அது ஒயரத் தொடக் கூடாது. நெழலு கூட படக் கூடாது.”

டெல்சியின் முகம் கிங்ஸ்டனின் கண்ணில் வந்து போனது. ஆனாலும் தலையாட்டினான்.

அடுத்த வாரம் சித்தர் அவன் ஷெட்டுக்கே எழுந்தருளினார். எட்டு பெட்டிகளிலும் காதை வைத்துக் கேட்டார். நாலில் ஆவி இருப்பதாகக் கண்டுபிடித்தார். அவற்றுக்குச் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். “இதுங்க மௌன விரதம். ஒயரு மாட்டக் கூடாது. ஆனா அடுக்குல வெச்சே இருக்கணும். ஒரு மண்டலம் கழிச்சு எங்கிட்ட கொண்டா. தென்பெண்ணையில ஜல சமாதி பண்ணிடறேன். அத யாரும் பாக்கக் கூடாது, பாத்தா கண்ணு போயிடும்.”

அற்புதம் நடந்தது. மிச்சமிருந்த நாலு பெட்டியோடு செட் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சிவப்பு விளக்கு ஒருதரம்கூட எரியவில்லை. அடுக்கில் எட்டு பெட்டி நின்றதால் எண்ணிப் பார்க்கிறவர்களுக்கும் குறையில்லை. நாலு ஊமை என்பது யாருக்குத் தெரியும்? கிங்ஸ்டன் தேங்காய் உடைத்தான். பழக்கதோஷத்தில் மெழுகுவர்த்தியும் ஏற்றினான்.

டெல்சிதான் ஷெட்டுக்கு வெளியே நின்றாள். மீட்டரையும் சால்டரிங் அயர்னையும் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கேட்டாள். திங்கட்கிழமையிலிருந்து ஷிப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அண்ணனிடம் ஒரு வார்த்தைகூடச் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சித்தரின் கொட்டகை மைதானத்தில் நாதத் திருவிழா. கிங்ஸ்டனின் செட்தான் அன்று அற்புதத்துக்குச் சாட்சி. ஒரு மண்டலமும் ஆகிவிட்டது, விழா முடிந்ததும் ஆவிப் பெட்டி நாலையும் சித்தரிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவன் வராததால் டெல்சியே ‘சின்ன யானை’ மினி லாரியை ஓட்டினாள். ஒயரைத்தான் தொடக்கூடாது, ஸ்டியரிங்கைப் பற்றிச் சித்தர் ஒன்றும் சொல்லவில்லை. சாபத்துக்கும் வேலை ஆக வேண்டியிருக்கிறது.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காத.”

“கேளு.”

“நம்ம பொட்டில ஆவி எந்த சைடு இருந்துச்சு?”

“லெஃப்ட்டுல ரெண்டு, ரைட்டுல ரெண்டு.”

“குலாம் பாய்க்கு?”

“அவருக்கும் ரெண்டு ரெண்டு தான்.”

“பேரிகை ஊரு செட்காரருக்கு?”

கிங்ஸ்டன் யோசித்தான். “ரெண்டு... ரெண்டு.”

“ஏண்ணா, ஒரு சைடுல மூணு, இன்னொரு சைடுல ஒண்ணுன்னு ஒக்கார ஒரு ஆவிக்கு கூடவா தோணல? அளவெடுத்தா ஒக்காருது? சைடுக்கு ரெண்டே பொட்டி வெச்சிருக்கறவன் எவனாச்சும் அந்த வரிசையில நின்னு பாத்திருக்கியா?”

“வாய மூடிக்கினு ஓட்டு.”

“மூடிக்கறேன். செவப்புத் துணிய அவுத்து நல்ல பொட்டிக்குக் கட்டிப் பாரு. ஆவிப் பொட்டிக்கு ஒயரு குடு. அவ்ளோதான் சொல்லுவேன். நாளைக்கு நான் கம்பெனிக்குப் போயிடுவேன், அப்புறம் கேக்க ஆளு இருக்காது.”

அவள் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ப்புறம் நாராயணம்மாவின் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். “ஏமம்மா, நீ உள்ள போவலியா?” என்று தெலுங்கு கலந்து கேட்டாள் நாராயணம்மா. “எனக்கு உள்ள எடமில்ல அக்கா” என்றாள் டெல்சி.

மைதானம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை முழுக்க செட்காரர்கள். சித்தர் மேடையேறினார். முதலில் எட்டு பெட்டிக்கும் ஒயர் மாட்டச் சொன்னார். தப்பட்டை பாட்டு ஒன்றைப் போட்டார்கள். மைதானம் அதிர்ந்தது. பாட்டு சூடு பிடிக்கும்போது, ‘டிக்’. சிவப்பு விளக்கு. கூட்டம் “ஐயோ” என்றது.

“பாத்தீங்களா? நாலு ஆவி!” சித்தர் கையை உயர்த்தினார். அது போதாதென்று அவர் கண் சாலையைத் தாண்டிப் போனது. “ஏன் இன்னிக்கு இவ்ளோ சீக்கிரமா படுத்துச்சு? அதோ பாருங்க! அந்த டீக்கடையில ஒக்காந்திருக்குதே, இவன் தங்கச்சி. புருஷன முழுங்குன நெழலு. ரோடு தாண்டி வந்து பொட்டி மேல வுழுது!”

ஆயிரம் தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. டெல்சி டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். எழுந்து போகவில்லை. தலை குனியவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத்தான் பார்த்தாள்.

நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கிங்ஸ்டன் பார்த்தான். காலை வெயில் மைதானத்துப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. டெல்சியின் நிழல் டீக்கடைச் சுவரில் விழுந்திருந்தது. சித்தரின் ஆவியைக்கூட மன்னிக்கலாம். சூரியனையே திருப்பி வைத்தால் எப்படி?

“சாமி, எனக்கு ஒரு சந்தேகம்” என்றான்.

“சந்தேகம்தான் மொத தோஷம்.”

“அதாங்க சாமி, தீத்துக்கறேன்.” அவன் மேடையின் கீழே போனான். சிவப்புத் துணி நாலையும் அவிழ்த்தான். நல்ல பெட்டி என்று சித்தர் சான்றிதழ் தந்திருந்த நாலுக்கும் கட்டினான்.

“டேய், என்னாடா பண்ற?”

“ஆவி இருக்கற பொட்டிக்கு மட்டும் ஒயரு குடுக்கப் போறேங்க. நாலு ஆவியும் ஒண்ணா கூடி பாடட்டும், கேப்போம்.” அப்புறம் சாலையைப் பார்த்துக் கத்தினான். “டெல்சி! இங்க வா. நீ மாட்டு.”

கூட்டம் முணுமுணுத்தது. டெல்சி டீக்குக் காசு வைத்துவிட்டு, சாலையைக் கடந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை, வேடிக்கை பார்க்கிற ஆசை பக்தியைவிடப் பெரியது. தாலி இல்லாத கையால் நாலு ஆவிப் பெட்டிக்கும் ஒயர் மாட்டினாள். பக்கத்துக்கு இரண்டு. ஆறவைத்த ஆம்ப்ளிஃபையரை முடுக்கினாள்.

பாட்டு ஓடியது. முழுப் பாட்டும். இரண்டாவது பாட்டும். ஆவிகள் அருமையாகப் பாடின. முன்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப அடுத்தது” என்றான் கிங்ஸ்டன். “டெல்சி, நீ நாராயணம்மாக்கா கடைக்குப் பின்னாடி போயிடு. நெழலு கூட இந்தப் பக்கம் வரக் கூடாது. சாமி, நீங்களே எறங்கி வந்து ஒங்க கையால எட்டுக்கும் மாட்டுங்க. கயிறு கட்டணும்னா கட்டுங்க, மந்திரம் சொல்லணும்னா சொல்லுங்க. அவசரமில்ல.”

“நான் சித்தன்டா. ஒயரு மாட்டறவனில்ல.”

“என்னா சாமி, சும்மா மாட்டுங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “மாடி, ஸ்வாமி, மாடி!” என்று, ‘செய்யுங்கள்’ என்ற பொருளில், கன்னடத்தில் இன்னொன்று. சித்தர் இறங்கினார். மாட்டினார். அவர் மாட்டிய வேகத்தைப் பார்த்தபோதே செட்காரர்கள் புருவம் தூக்கினார்கள். சாக்கெட்டைப் பார்க்காமலே திருகிப் பூட்டினார். பல வருஷம் ரிப்பேர் கடையில் உட்கார்ந்த விரல்களுக்குத்தான் அது வரும்.

பாட்டு எழும்பியது. பேஸ் இடித்தது. ‘டிக்.’

டெல்சி கடைக்குப் பின்னால்தான் இருந்தாள். ஆம்ப்ளிஃபையரைத் தொட்டது சித்தரின் புனிதக் கை மட்டும்தான்.

“எந்த நாலு இருந்தாலும் ஓடுது” என்றான் கிங்ஸ்டன். “எட்டு மாட்டுனா நிக்குது. ஆவியும் இல்ல, நெழலும் இல்ல. ஆம்ப் தாங்கல, அவ்ளோதான். இத எந் தங்கச்சி மொத நாளே சொன்னா.”

முன்வரிசையிலிருந்து குலாம் ரசூல் எழுந்தார். மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. “அப்ப எம் பொட்டி நாலும் எங்கய்யா?”

“ஜல சமாதி...”

“தண்ணியில போட்டீங்க, சரி. எந்த எடத்துல?”

சித்தர் ஆறு இருக்கும் பக்கம் கையை நீட்டும்போதே பேரிகைக்காரர் கொட்டகையின் பின்பக்கத் திரையை இழுத்துவிட்டார். உள்ளே தென்பெண்ணையில் மூழ்கிய பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றில்கூட ஈரமில்லை. குலாம் பாயின் பெட்டியில் அவர் மகள் தஸ்லிம் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கூட வாடாமல் இருந்தது. மேலே புதுப்பலகை: ‘நாதம் சவுண்ட் சர்வீஸ் – விசேஷங்களுக்கு வாடகைக்கு.’

டெல்சி கிட்டே போய் அந்த செட்டின் முதுகைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அண்ணா, இங்க வந்து பாரு. எத்தன ஆம்ப் வெச்சிருக்காரு! ஒரு சைடுக்கு எத்தன பொட்டி மாட்டியிருக்காரு தெரியுமா?”

“எத்தன?”

“ரெண்டு.”

சித்தருக்கு ஓமும் தெரியும், வாட்ஸும் தெரியும். ஊருக்கு ஆவி, தனக்கு அளவு. எல்லோரும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கொட்டகையின் பக்கவாட்டுத் தகரத்தை விலக்கிக்கொண்டு வெளியேறினார். அத்திப்பள்ளிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறியதாகச் சிலர் சொன்னார்கள். அங்கே அவர் மறுபடியும் தமிழ்நாட்டுச் சித்தர்.

டெல்சி ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. “பாய், ஒங்க செட்டுல யாரு கை ஆவாதுன்னாரு?”

“எம் மச்சான் அப்பாஸ். கண்ணுல தோஷம்னு சொல்லி நிறுத்தச் சொன்னாரு.”

“அவரு என்ன வேல பாத்தாரு?”

“ஒயரு வேலதான்...” என்று சொல்லிக்கொண்டே வந்த குலாம் பாய் பாதியில் நிறுத்தினார்.

பேரிகைக்காரர் தன் இடதுகைக்காரத் தம்பியை அனுப்பியிருந்தார். அவனும் ஒயர் வேலை. வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு செட்டிலும் சித்தர் வெளியே அனுப்பச் சொன்னது, மீட்டர் பிடிக்கத் தெரிந்த ஆளைத்தான்.

கிங்ஸ்டன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தான். வண்டிக்குள்ளிருந்து துணி மூட்டை ஒன்றை எடுத்து வந்து நீட்டினான். பரணில் இருந்த மீட்டரும் சால்டரிங் அயர்னும்.

“காலையில கெளம்பும்போதே எடுத்து வெச்சியா?” என்றாள் டெல்சி.

“சும்மா... வேணும்னா இருக்கட்டும்னு.”

“அப்ப வண்டியில வரும்போதே பாதி சந்தேகம் இருந்துச்சு ஒனக்கு.”

“கால்வாசி.”

“நாளைக்கு கம்பெனிக்குப் போவாம இருக்கணும்னா ஒண்ணு பண்ணு. இன்னொரு ஆம்ப் புடி. இல்ல, நாலு பொட்டிய வித்துடு.”

“எங்கிட்ட பழைய ஆம்ப் ஒண்ணு சும்மா கெடக்குது, தம்பி” என்றார் குலாம் பாய். “சனிக்கெழம காவேரிப்பட்டினத்துல ரெண்டு பேரும் சேந்தே போடலாம். நான் மொதல்ல அப்பாஸுக்கு போன் போடறேன். திட்டுவான். திட்டட்டும்.”

எட்டு பெட்டி, இரண்டு ஆம்ப்ளிஃபையர், பக்கத்துக்கு இரண்டு. காவேரிப்பட்டினத்தில் சாமி ஊர்வலம் தேர்முட்டியைத் தாண்டி ஆற்றங்கரை போய்த் திரும்பும்வரை சிவப்பு விளக்கு எரியவில்லை. சித்தர் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று ஒருவர் கவலையோடு விசாரித்தார். பெட்டியைத் திருப்பி முதுகைக் காட்டினாள் டெல்சி. “இதுல எழுதியிருக்குது, படிச்சுக்கோங்க.” அவர் படிக்கவில்லை, தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாகலூர் சாலையில் அடுத்த ஞாயிறும் சிலர் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக் காத்திருந்ததாக நாராயணம்மா சொல்கிறாள். பூட்டிய கொட்டகைக்கு எதிரே, துண்டு போர்த்தி, மிகுந்த பொறுமையோடு. அவளுக்கென்ன, டீ விற்கிறது.

அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் கஷ்டம் தீர வீட்டிலிருந்து ஓர் ஆளை வெளியே அனுப்பு என்று எவனாவது சொன்னால், அவனை உட்கார வைத்துவிட்டு, அந்த ஆளை முதலில் உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் பயப்படுவது உங்கள் ஆவிக்கு அல்ல, அந்த ஆளின் மூளைக்கு.